முனவ்வறா கம்பனி

என் மனைவி முனவ்வறா மௌத்தாகி ஏழு வருடங்களுக்குப் பிறகு ஒரு கம்பனியின் முகாமைப் பணிப்பாளராகப் பதிவு செய்யப்பட்டாள். உயிரோடு இருந்தபோது கூப்பன் கடை வரிசையில்கூட அவளுக்கு முன்னிடம் கிடைத்ததில்லை. ஆகவே இந்தப் பதவி அவளுக்கு எப்படி வந்தது என்பதை ஒழுங்காக எழுதிவைப்பது என் கடமை.

எனக்குத் தொழில் றேடியோ திருத்துவது. கல்முனைச் சந்தைக்குப் பின்னால் சிறிய கடை. குடியிருப்பது சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் ஒரு பெட்டியோடு மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேருவான். நானும் ஒரு தகரப் பெட்டியையும் ஒரு சோல்டரிங் அயனையும் எடுத்துக்கொண்டு அப்படித்தான் போனேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலன்று காலை, நான் கடைக்குப் புறப்படும்போது முனவ்வறா றேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“இது ஒரே இரையிது. காலநிலை என்னமோ சொல்றாங்க, ஒண்டும் விளங்குதில்ல.”

“பின்னேரம் வந்து பாக்கன்” என்றேன்.

அது நானே அவளுக்குப் பொருத்திக் கொடுத்த றேடியோ. அதில் பழுது இருக்கவில்லை. வானத்தில் மின்னல் இருந்தால் எந்த றேடியோவும் இரையும். பின்னேரம் எனக்கு முன்னால் காற்று வந்துவிட்டது. கடையின் கொங்கிறீட் தட்டுக்குக் கீழே நான் தப்பினேன். வீட்டுச் சுவர் அவள்மேல் விழுந்தது. றேடியோ அவள் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. வெயிலில் காய்ந்த பிறகு அது நன்றாக வேலை செய்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. இரைச்சலுக்குள் அகப்பட்டுக் கிடக்கும் குரலை வெளியே எடுக்க வேண்டும். எங்கள் கரையில் கடலுக்குப் போகிற ஒவ்வொருவனும் றேடியோவை நம்பித்தான் போகிறான். முனவ்வறாவின் தம்பி ஷரிபுதீனுக்கும் ஒரு தோணி இருந்தது. நான் சுருள் மாற்றிப் பார்த்தேன், கொண்டென்சர் மாற்றிப் பார்த்தேன். இரைச்சல் குறைந்தால் குரலும் சேர்ந்து குறைந்தது.

எண்பத்துநாலில் பக்கத்து வீட்டு மசூர் சவூதியிலிருந்து லீவில் வந்தான். அவன் கொண்டுவந்த கண்ணாடிக் கோப்பைகளைச் சுற்றியிருந்தது ஒரு ஆங்கில இலத்திரனியல் சஞ்சிகை. கோப்பைகளை அவன் மனைவி எடுத்துக்கொண்டாள், தாள்களை நான் எடுத்துக்கொண்டேன். ஒலியை இலக்கங்களாக மாற்றி, அந்த இலக்கங்களைக் கூட்டிக் கழித்து, மறுபடி ஒலியாக்கித் தரும் ஒரு சிப் வந்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று நாம்தான் அதற்குப் புரோகிராம் எழுதிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். எட்டு மாதத்தில் இருநூற்றுப் பதினாலு வரி வந்தது. மசூர் அடுத்த லீவில் பேரீச்சம்பழப் பெட்டிக்குள் வைத்து ஒரு சிப் கொண்டுவந்து தந்தான். இரண்டு மூடை நெல்லின் விலை.

ஆனால் கொப்பியில் இருப்பது சிப்புக்குள் தானாகப் போகாது. அதை ஏற்றுவதற்கு வேறொரு பெட்டி வேண்டும். அதன் பெயர் விருத்திப் பெட்டி. அதன் விலை நற்பிட்டிமுனையில் ஐந்து ஏக்கர் இருபோக வயல். அதன் கைநூல் தனி விலை. கைநூலில் உள்ளபடி எழுதுவதற்கு ஆண்டுக் கட்டணம் வேறு. சிப்பை எவரும் வாங்கலாம். அதனோடு பேசுவதற்குத்தான் வசதி வேண்டியிருந்தது.

நாட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அதைப் பாதுகாப்பதற்காகக் கொழும்பில் தேசிய இலக்க ஒலி அதிகாரசபை என்று ஒன்றை அமைத்திருந்தார்கள். மூன்று மாடி, நாற்பத்துமூன்று பேர். ஒரு மணித்தியாலம் அந்தப் பெட்டியைப் பாவிக்கவும், அதற்கு முன் கைநூலை வாசிக்கவும் அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வந்தது:

“கைநூல் இரகசியமானது. அதனை வாசிக்க விரும்புவோர் முதலில் இரகசியப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். எவ்வெவ் விடயங்களை வெளியிடமாட்டேன் என்று அப்பத்திரத்தில் பந்தி வாரியாகக் குறிப்பிட வேண்டும். மேற்படி விடயங்கள் கைநூலில் உள்ளன.”

நான் ஒன்றையும் வெளியிடமாட்டேன் என்று எழுதி ஒப்பமிட்டு அனுப்பினேன். பத்திரம் திரும்பி வந்தது. “‘ஒன்றும்’ எனும் விடயம் கைநூலில் காணப்படவில்லை.”

நேரில் போவதென்று தீர்மானித்தேன். வழியில் ஐந்து இடங்களில் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். ஓரிடத்தில் ஒரு இளம் சிப்பாய் என் கொப்பியைப் புரட்டினான். பக்கம் பக்கமாக இலக்கங்கள். சங்கேத எழுத்து என்றே எவரும் நினைப்பார்கள்.

“இதென்ன?”

“றேடியோ இரையாம இரிக்கிறத்துக்கு எழுதின கணக்கு, மாத்தயா.”

அவன் காவலரணுக்குள் இருந்த தன் சிறிய றேடியோவைத் திரும்பிப் பார்த்தான். “எங்களது கூட அப்படித்தான்” என்று அரைகுறைத் தமிழில் சொல்லிக் கொப்பியைத் திருப்பித் தந்தான். என் விண்ணப்பத்தை முழுமையாக விளங்கிக்கொண்ட முதலாவது அரச ஊழியர் அவர்தான்.

அதிகாரசபையின் இரண்டாம் மாடியில் உதவிப் பணிப்பாளர் கனகரெத்தினம் இருந்தார். ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர். எங்கள் பக்கத்து ஆள் என்றதும் எனக்கு மனம் இலேசானது. ஆனால் அவர் கதிரையில் இருந்தார்.

“விண்ணப்பதாரர் ஒரு கம்பனியாக இருத்தல் வேண்டும்” என்றார்.

“நான் ஒரு ஆள், சேர்.”

“அதுதான் குறைபாடு.” அவர் குறித்துக்கொண்டார். “கம்பனி தொடங்குவதாயின் அசையாச் சொத்து வேண்டும். உமக்குச் சொந்த வீடு உண்டா?”

“ஊடு இரிக்கி சேர். என்ட இல்ல. பொண்டாட்டிட ஊடு.”

“தகப்பனாருடைய வீடு?”

“அவருக்கும் ஊடு இல்ல. அது உம்மாட ஊடு. ராத்தாக்குக் குடுத்தாச்சி.”

“சகோதரர்கள்?”

“ஆளுக்காள் பொண்டாட்டிமார்ட ஊட்டில இரிக்காங்க.”

“அப்படியானால் அந்தக் கரையோரத்தில் ஆண்கள் ஒருவருக்கும் வீடில்லை என்கிறீரா?”

“ஓம் சேர்.”

அவர் மணியை அடித்துத் தட்டெழுத்தாளரை வரவழைத்தார். மேற்படி கரையோரத்து ஆண்கள் அனைவரும் வீடற்றோர் எனத் தெரியவருகிறது என்று சொல்லச் சொல்ல அவள் மூன்று பிரதிகள் அடித்தாள்.

மத்தியானம் வாசலில் இருந்த தேத்தண்ணிக் கடைக்கு அவரே என்னைக் கூட்டிப் போனார். மர வாங்கிலில் அமர்ந்ததும் அவருடைய தமிழ் மாறியது.

“எனக்கு மட்டும் வீடு எங்க தம்பி கிடக்கு? ஆலையடிவேம்பில இருக்கிறது மனிசிட வீடு. சண்ட வந்தா நான்தான் வெளிக்கிடோணும்.”

“அப்ப அத அங்க சொல்லி இரிக்கலாமே சேர்?”

“கதிரையில இருந்து எப்பிடித் தம்பி சொல்லுற?” என்று அவர் வடையைப் பிய்த்தார்.

மூன்று பிரதிகளில் ஒன்று எந்தத் திணைக்களத்துக்குப் போனதோ தெரியாது. நாலு மாதம் கழித்து ஒரு லொறி எங்கள் தெருவுக்கு வந்தது. வீடற்ற ஆண்களுக்கென்று அறுபது கூடாரங்கள். புயலடித்த வருடம் கூரை பறந்த வீடுகளுக்கு முன்னால் நாங்கள் நின்றபோது இந்தத் தெருவுக்கு ஒரு சாக்குத் துண்டும் வரவில்லை. இப்போது ஒவ்வொருவராக ஒப்பம் வைத்துக் கூடாரம் வாங்கினோம். ஷரிபுதீன் தன்னுடையதைத் தோளில் போட்டுக்கொண்டு வர, வாசலில் நின்ற அவன் மனைவி படலையைத் திறக்கவில்லை.

“இஞ்ச என்னத்துக்கு வாறீங்க? அதான் ஒங்களுக்கு ஊடு வந்திட்டே. கொண்டு போய்க் கடக்கரையில அடிச்சிக்கிட்டு இரிங்க.”

“சோறு?”

“அதுக்கும் ஒரு லொறி வரும்.”

அவன் கூடாரத்தை வெட்டி வலைக்கு மூடியாக்கினான். நல்ல துணி.

இனி, கம்பனி. எங்கள் வீட்டு வளவின் உறுதிப் பத்திரம் முனவ்வறாவின் பெயரில் இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. உறுதியை மாற்றி எழுத நொத்தாரிசிடம் வரும்படி உறவினர் பலமுறை சொல்லியும் அவளுடைய தாய் சல்மா உம்மா ஏழு வருடமாக அசையவில்லை. எனக்குச் சோறு போடுவதும் அவர்தான். கம்பனி தொடங்குவதென்றால் உறுதிக்காரியின் பெயரில்தான் தொடங்க வேண்டும். அதை மாமியிடம் எப்படிக் கேட்பதென்று இரண்டு நாள் யோசித்தேன்.

மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடியும்வரை சுளகு நிற்கவில்லை.

“அவள்ட பேர எழுதினா, கடிதம் அவள்ட பேருக்கா வரும்?”

“ஓம் மாமி.”

“எழுதுங்க மகன். அவள்ட பேர ஒருத்தர் கூப்பிட்டும் காலமாச்சி.”

படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். முகாமைப் பணிப்பாளர்: முனவ்வறா. பக்கத்தில், மௌத்தாகிவிட்டார் என்றும் எழுதினேன். கொழும்பில் கனகரெத்தினம் அந்த இடத்தில் பேனையை நிறுத்தினார்.

“மரணமானவர் எனும் கட்டம் இப்படிவத்தில் இல்லை. இராசினாமாச் செய்தவர் எனும் கட்டம் உண்டு. அவர் இராசினாமாக் கடிதம் தந்தவரா?”

“இல்ல சேர்.”

“எனின் பதவியில் இருக்கிறார்.”

‘மௌத்தாகிவிட்டார்’ என்பதை அளவுகோல் வைத்து நேராக வெட்டினார். முனவ்வறா கம்பனி பதிவாயிற்று. நான் அதன் பிரதிநிதி.

அன்றிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. தபால்காரன் குணம் முதலாவது பதிவுத் தபாலோடு வந்து சைக்கிளில் இருந்து இறங்காமலே நின்றான்.

“காக்கா, இது... ஆளே ஒப்பம் வெக்கோணும் எண்டு கிடக்கு.”

“ஆள் எங்க இரிக்கா எண்டு ஒனக்குத் தெரியுந்தானே குணம்.”

“தெரியும். அங்க கொண்டு போகவா எண்டுதான் யோசிக்கன்” என்றவன், தானே ஒரு ஒப்பத்தைக் கிறுக்கிக் கடிதத்தைத் தந்தான்.

ஒவ்வொரு கடிதத்திலும் மாமி முதல் வரியை மட்டும் வாசிக்கச் சொல்வார். “மதிப்புக்குரிய முனவ்வறா அம்மணி அவர்களுக்கு.” மறுகா ஒருமுறை வாசிக்கச் சொல்வார். மீதி அவருக்குத் தேவையில்லை. கடிதத்தை மடித்து அலுமாரியில், மகளின் சாரிகளுக்கு நடுவில் வைப்பார். மீதியைப் படிக்க நான் அலுமாரியைத் திறக்க வேண்டியிருந்தது.

எண்பத்தாறு ஆவணியில் முனவ்வறாவுக்கு அழைப்பு வந்தது. விருத்திப் பெட்டியின் திரை நீக்கமும் கருத்தரங்கும். பிரதிநிதியாக நான் போனேன். முன் வரிசையில் ஒரு கதிரையில் அவள் பெயர் எழுதிய அட்டை இருந்தது. பக்கத்தில் ஒரு போத்தல் சோடா.

பட்டுத் துணியை நீக்கினார்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் பெட்டி இருந்தது. சாம்பல் நிறம், ஒரு பிஸ்கட் டின்னை விடக் கொஞ்சம் பெரிது. பணிப்பாளர் நாயகம் பேச எழும்பினார்.

“இப்பெட்டி நமது நாட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகளாகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் ஒரேயொரு பிழையான புரோகிராமும் இதில் எழுதப்படவில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். சரியான புரோகிராம் ஒன்றை எழுத முற்பட்டால் முதலில் பல பிழையான புரோகிராம்கள் எழுதப்படும் என்று நிபுணர்கள் எமக்கு எச்சரித்துள்ளார்கள். அந்த ஆபத்துக்கு நாட்டை உட்படுத்த நாம் தயாரில்லை. ஏழை மக்களுக்கு இத்தொழில்நுட்பம் சென்றடைய வேண்டும் என்பதே எமது நோக்கம். எனவேதான் கட்டணத்தை உயர்த்தியுள்ளோம். மலிவான பொருளை ஏழைகள் மதிப்பதில்லை...”

அந்த இடத்தில் ஒலிபெருக்கி ஊளையிடத் தொடங்கியது. நாற்பத்துமூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டு பணிவாக இருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பொறுக்க முடியாமல் நான் எழும்பிப் போய் ஸ்பீக்கரை மறுபக்கம் திருப்பி வைத்தேன். ஊளை நின்றது. அனுமதியின்றி ஒலியைத் திருத்தியதாக அன்றே என் கோப்பில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது.

“பெண் தொழில் முயற்சியாளர்களுக்கு முன்னுதாரணமான முனவ்வறா அம்மணி வேலைப்பளு காரணமாக இன்று சமுகமளிக்கவில்லை” என்று அவர் முடித்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு கொப்பியை நீட்டினேன். “ஒரு மணித்தியாலம் போதும், சேர். வாடக் காத்து கடுமையாகிறத்துக்கு முந்தி...”

“வேலை செய்யும் என்று நிரூபிக்கப்பட்ட புரோகிராமைக் கொண்டுவாருங்கள்” என்றார் பணிப்பாளர் நாயகம். “அதைப் பரிசீலித்து, அதை எழுதுவதற்கு அனுமதி தருவோம்.”

தேத்தண்ணிக் கடையில் கனகரெத்தினம் வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு கோப்பையைப் பார்த்துச் சொன்னார்: “அது நூற்றிப்பத்து வோல்ட் பெட்டி தம்பி. எங்கட கரண்டில செருகினா எரிஞ்சி போகும். மாத்திற பெட்டி வாங்கக் கேட்டு எழுதி மூணு வருசம். ஒருத்தரும் செருகல்ல. அதாலதான் பழுதாகாமக் கிடக்கு.”

அவளுடைய பெயர் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அந்த வருடக் கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தபோது றேடியோ இரைந்துகொண்டிருந்தது. கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏதோ அறிவித்தல் வாசிக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஷரிபுதீன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

“மச்சான், கடல் குளம்போலக் கிடக்கு. மூணு மணிக்கு எறக்கிறம்.”

“றேடியோவில என்னமோ சொல்றாங்கடா.”

“எண்டைக்குத்தான் அது சொல்லாம இரிந்த? ஒங்கட கம்பனி என்னத்தக் கேட்டிச்சி? அதச் சொல்லுங்க, நிக்கிறன்.”

நான் கொப்பியை எடுத்தேன். இருநூற்றுப் பதினாலு வரியும் செய்யச் சொல்வது ஒன்றைத்தான். ஒரே ஒலியைப் பலமுறை எடு. ஒன்றன்மேல் ஒன்றாக வை. ஒவ்வொரு முறையும் மாறுவது இரைச்சல். மாறாமல் நிற்பது குரல். இதைச் சிப்புத்தான் செய்ய வேண்டும் என்று நான் இரண்டு வருடம் நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் பதினொரு றேடியோ இருந்தது. எல்லாம் என் கை பட்டவை. வீடு வீடாக ஓடினேன். சிலரைச் சிற்றலையில் வைக்கச் சொன்னேன், சிலரை மத்திய அலையில். “காதில விழுந்த சொல்ல மட்டும் எழுதுங்க. விளங்காததுக்கு நீங்களா ஒண்டும் போடாதீங்க” என்றேன். ஷரிபுதீனின் மனைவி கரித்துண்டால் சுவரில் எழுதினாள். தையற்காரர் அளவுப் புத்தகத்தில் எழுதினார். மாமிக்கு எழுதத் தெரியாது. முனவ்வறாவின் றேடியோவைக் காதோடு அணைத்து, விழுந்த சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்று அறிவித்தல் முடிந்ததும் எல்லாவற்றையும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு எழுதினேன். ஒருவருக்குத் ‘தாழமுக்கம்’. மூவருக்கு ‘கிழக்கு’. ஐவருக்கு ‘கடலுக்கு’. ஒருவருக்கு ‘மாலை’. ஆறு பேருக்கு ‘மீனவர்’. கடைசிச் சொல் மட்டும் வெறுமையாக இருந்தது. தையற்காரர் ‘வே’ என்று எழுதி விட்டிருந்தார். நான் மாமியைப் பார்த்தேன்.

“வேண்டாம்” என்றார் மாமி. “மூணு தரமும் வேண்டாம் எண்டுதான் சொன்னான்.”

ஷரிபுதீன் கொப்பியை வாங்கி, விரல் வைத்து வரிசையாக வாசித்தான். பிறகு வலையை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினான். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அன்று பத்தொன்பது தோணி கடலில் இறங்கவில்லை. மாலை மஃரிபுத் தொழுகைக்கு முன் காற்று வந்தது. எழுபத்தெட்டைப் போல இல்லை. ஆனால் கரையில் தோணிகளை இழுத்துக் கட்டியிருந்த தென்னைகளில் இரண்டைப் பிடுங்கியது. கடலுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல, கடலுக்குள் ஒருவரும் இருக்கவில்லை.

இதைப் பத்திரிகையில் ஆறு வரிச் செய்தியாகப் போட்டார்கள். அந்த ஆறு வரியை வெட்டி ஒட்டி அதிகாரசபையிலிருந்து பதிவுத் தபால் வந்தது.

“இரைச்சலினின்றும் ஒலியைப் பிரித்தெடுத்தல் உரிமத்துக்குட்பட்ட செயலாகும். பெட்டியின்றியும் கைநூலின்றியும் கட்டணமின்றியும் தங்கள் கம்பனி பதினொரு இடங்களில் இச்செயலை நடாத்தியுள்ளது. உரிமம் பூர்த்தியாகும் வரை முகாமைப் பணிப்பாளராகிய தாங்கள் கேட்பதை உடனடியாக நிறுத்தி, நிறுத்திய திகதியை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.”

அன்றைக்கே பதில் எழுதினேன்.

“ஐயா, தங்கள் கட்டளைப்படி முனவ்வறா கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்திய திகதி: 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை பின்னேரம்.”

மூன்று கிழமையில் மறுமொழி வந்தது. குணம் வழமைபோல அவளுடைய ஒப்பத்தை வைத்துத் தந்தான். மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தார்.

“மதிப்புக்குரிய முனவ்வறா அம்மணி அவர்களுக்கு” என்று வாசித்தேன். மறுகா ஒருமுறை வாசித்தேன். அன்று மாமி மீதியையும் கேட்டார்.

“கட்டளை கிடைப்பதற்கு முன்னரே அதற்குக் கீழ்ப்படிந்த தங்கள் ஒத்துழைப்பைப் பணிப்பாளர் நாயகம் பாராட்டுகிறார். கோப்பு இத்துடன் மூடப்படுகிறது.”

“மூடுறதெண்டா?”

“முடிஞ்சிது மாமி. இனிக் கடிதம் வராது.”

மாமி கடிதத்தை வாங்கி மடித்தார். அலுமாரிக்குப் போகாமல் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப வேற ஒண்டுக்கு எழுதிப் போடுங்க மகன்” என்றார்.

“என்னத்துக்கு மாமி?”

“என்னத்துக்கெண்டாலும். தரமாட்டாங்கதானே.”

அடுத்த நாள் கடைக்குப் போகும் வழியில், புதிய படிவம் ஒன்று கேட்டுக் கொழும்புக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் போட்டேன். அனுப்புநர் இடத்தில் அவள் பெயரை எழுதியிருந்தேன்.